வினைவேகச் சோதனைகள்: மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒரு வேதிவினை எவ்வளவு சீக்கிரம் நடக்கிறது, அதை எது கூட்டுகிறது, எது குறைக்கிறது என்று ஆய்வகத்தில் செய்து பார்க்கும் மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பெரும்பாலான சிக்கல்களுக்குக் காரணம் ஒன்றுதான். ஒரு காரணியை மாற்றும்போது அதனுடன் சேர்ந்து இன்னொன்றும் சத்தமில்லாமல் மாறிவிடுகிறது. கீழே உள்ள பதில்களில் அதைத்தான் பல இடங்களில் பார்க்கப்போகிறீர்கள்.

வினைவேகம் என்றால் சரியாக எதை அளக்கிறோம்?

குறிப்பிட்ட நேரத்தில் வினைபடு பொருள் எவ்வளவு குறைந்தது, அல்லது விளைபொருள் எவ்வளவு உண்டானது என்பதை. வாயு வந்தால் அதன் கன அளவையோ, வாயு வெளியேறுவதால் குறையும் எடையையோ அளக்கலாம். கரைசல் கலங்கினால் அது கலங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கலாம். நிறம் மாறினால் அதையும் பயன்படுத்தலாம்.

"வேகம் = நேரம்" என்று எழுதிவிடாதீர்கள். நேரம் கூடினால் வேகம் குறைவு என்று பொருள். விடைத்தாள்களில் இந்த ஒரு குழப்பத்தால் போகும் மதிப்பெண் கொஞ்சநஞ்சமல்ல.

எந்தெந்தக் காரணிகள் வேகத்தை மாற்றும்?

கரைசலின் செறிவு, வெப்பநிலை, திண்மப் பொருளின் புறப்பரப்பு, வினையூக்கி (தான் செலவாகாமல் வினையை வேகப்படுத்தும் பொருள்). வாயுக்கள் வினைபுரிந்தால் அழுத்தமும் சேரும். சில வினைகளுக்கு ஒளியும் உண்டு. சில்வர் குளோரைடு வெளிச்சத்தில் கருப்பது அப்படித்தான். பள்ளி ஆய்வகத்தில் அழுத்தத்தை மாற்றிப் பார்ப்பது நடைமுறையில் கடினம். அதனால் முதல் நான்குதான் சோதனைக்கு வரும்.

செய்து பார்க்க எந்த வினை நல்லது?

செறிவுக்கும் வெப்பநிலைக்கும் சோடியம் தயோசல்பேட்டும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும். புறப்பரப்புக்கு சலவைக்கல்லும் அதே அமிலமும். வினையூக்கிக்கு ஹைட்ரஜன் பெராக்சைடும் மாங்கனீசு டை ஆக்சைடும். மெக்னீசியம் நாடாவை அமிலத்தில் போடும் சோதனையும் பிரபலம்தான். ஆனால் அதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

தயோசல்பேட் சோதனையை எப்படிச் செய்வது?

வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் ஒரு பெருக்கல் குறி போடுங்கள். அதன் மேல் கூம்புக் குடுவையை வையுங்கள். 0.1 முதல் 0.2 மோலார் வரையுள்ள தயோசல்பேட் கரைசல் 50 மி.லி ஊற்றி, அதில் 2 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 5 மி.லி சேர்த்து, அந்தக் கணமே நிறுத்துக் கடிகாரத்தை ஓடவிட்டு, குடுவையை ஒருமுறை சுழற்றிவிட்டு வையுங்கள்.

முதலில் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். பிறகு கரைசலில் லேசான நீலச் சாயல் தெரியும். அப்புறம் பால் கலந்ததுபோல் வெண்மையாகி, மெல்ல மஞ்சளாகும். வினையில் உண்டாகும் கந்தகம் மிக நுண்ணிய துகள்களாகக் கரைசல் முழுவதும் மிதப்பதுதான் காரணம். மேலிருந்து பார்த்துக்கொண்டே இருங்கள். பெருக்கல் குறியின் ஓரங்கள் மங்கி, கடைசியில் நடுப்பகுதியும் மறையும் அந்த நொடியில் கடிகாரத்தை நிறுத்துங்கள்.

எல்லா முறையும் ஒரே ஆள்தான் பார்க்க வேண்டும், ஒரே தாள், ஒரே குடுவை, ஒரே இடத்து வெளிச்சம். ஒருவருக்கு மறைந்த குறி இன்னொருவருக்கு இன்னும் ஐந்து நொடி தெரியும். குழுவில் ஆளுக்கொரு தடவை என்று முறைவைத்துப் பார்ப்பது நியாயமாகத் தோன்றினாலும் முடிவுகளைக் கெடுத்துவிடும். மற்றவர்கள் அளந்து ஊற்றட்டும், குறித்துக்கொள்ளட்டும். ஒளி உணரி இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. ஒளி எந்த அளவுக்குக் குறையும்போது நிறுத்துவது என்று முன்பே ஓர் எண்ணை முடிவு செய்துகொண்டால் போதும்.

செறிவைக் குறைக்க தயோசல்பேட்டைக் குறைத்து ஊற்றினால் போதாதா? தண்ணீர் எதற்கு?

போதாது. 50 மி.லிக்குப் பதில் 20 மி.லி மட்டும் ஊற்றினால் தயோசல்பேட்டின் செறிவு பெரிதாகக் குறையாது. குடுவையில் இருக்கும் அளவுதான் குறையும். போதாக்குறைக்கு அமிலம் அதே 5 மி.லி என்பதால் அதன் செறிவு ஏறிவிடும். திரவத்தின் ஆழமும் குறைவதால், குறியை மறைக்க முன்பைவிட அதிகக் கலங்கல் தேவைப்படும். ஆக, மூன்று விஷயங்கள் ஒரே நேரத்தில் மாறிவிட்டன.

எனவே மொத்தக் கன அளவு எப்போதும் ஒன்றாக இருக்கவேண்டும். தயோசல்பேட் 50, 40, 30, 20, 10 மி.லி என்று எடுத்தால், தண்ணீர் முறையே 0, 10, 20, 30, 40 மி.லி. தண்ணீரை முதலில் கலந்துவிட்டு, அமிலத்தைக் கடைசியில் சேருங்கள். இப்படிச் செய்தால் எடுத்துக்கொண்ட தயோசல்பேட்டின் கன அளவையே செறிவுக்கு அடையாளமாக வரைபடத்தில் போடலாம், தனியாகக் கணக்குப் போடவேண்டியதில்லை. இன்னொன்று: தயோசல்பேட்டுக்கும் அமிலத்துக்கும் தனித்தனி அளவு உருளை. மாற்றிப் பயன்படுத்தினால் உருளைக்குள்ளேயே கலங்கத் தொடங்கிவிடும்.

1-ஐ ஏன் நேரத்தால் வகுக்கச் சொல்கிறார்கள்?

குறி மறைய ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே அளவு கந்தகம்தான் தேவை. மாறாத அந்த அளவை நேரத்தால் வகுத்தால் சராசரி வேகம் வரும். அது எத்தனை கிராம் என்று நமக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். எல்லாவற்றுக்கும் பொது என்பதால் 1 என்று வைத்துக்கொள்கிறோம். 40 நொடி ஆனால் 0.025, 80 நொடி ஆனால் 0.0125. இந்த எண்ணைச் செறிவுக்கு எதிராக வரைந்தால் தொடக்கப் புள்ளி வழியே போகும் நேர்கோட்டுக்கு நெருக்கமாக வரும். செறிவு பாதியானால் வேகமும் பாதி என்று பொருள். வெறும் நேரத்தை வரைந்தால் வளைகோடுதான் கிடைக்கும்; அதிலிருந்து இந்த உறவைக் கண்ணால் பார்த்துச் சொல்வது கடினம்.

அமிலத்தின் செறிவை மாற்றிப் பார்க்கலாமா?

பார்க்கலாம், ஆனால் ஏமாற்றமாக இருக்கும். இந்த வினையின் வேகம் தயோசல்பேட்டின் செறிவைச் சார்ந்திருக்கும் அளவுக்கு அமிலத்தின் செறிவைச் சார்ந்திருப்பதில்லை. நேரம் கொஞ்சம்தான் மாறும். "செறிவு கூடினால் வேகம் கூடும்" என்பது ஒவ்வொரு வினைபடு பொருளுக்கும் ஒரே அளவில் பொருந்தாது என்பதற்கு இது நல்ல சாட்சி. சமன்பாட்டில் அமிலத்துக்கு முன்னால் 2 என்று இருப்பதைப் பார்த்து வேகத்தைக் கணிக்கவும் முடியாது. சோதித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மேல்வகுப்பில் வினைவரிசை என்று படிப்பது இதைத்தான்.

வெப்பநிலைச் சோதனையில் புள்ளிகள் ஏன் கன்னாபின்னாவென்று வருகின்றன?

பெரும்பாலும் வெப்பமானியைப் பார்த்த நேரம்தான் தவறு. தயோசல்பேட்டை 45 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்கி "45" என்று எழுதிவிட்டு, அறை வெப்பநிலையில் இருக்கும் அமிலத்தை ஊற்றுகிறோம். கலந்த கணத்திலேயே வெப்பநிலை இறங்குகிறது. காத்திருக்கும்போது குடுவை வழியாக இன்னும் இறங்குகிறது. சூடான குடுவைகளில்தான் இந்த இறக்கம் அதிகம். அதனால் வரைபடத்தின் வலது பக்கம் முழுவதும் நகர்ந்துபோகிறது.

வழி இதுதான். இரண்டு கரைசல்களையும் தனித்தனியாக ஒரே நீர்த்தொட்டியில் வைத்துச் சூடாக்குங்கள். கலந்தவுடன் ஒருமுறை, குறி மறைந்தவுடன் ஒருமுறை வெப்பநிலையைக் குறித்து, சராசரியை வரைபடத்தில் போடுங்கள். 50 டிகிரிக்கு மேல் போகவேண்டாம். நேரம் சில நொடிகளாகச் சுருங்கி அளவீடு நம்பகமில்லாமல் போகும். கரைசலிலிருந்து கந்தக டை ஆக்சைடும் அதிகமாக வெளியேறும். அறை வெப்பநிலைக்குக் கீழே, பனிக்கட்டி நீரில் வைத்து 10 அல்லது 15 டிகிரியில் ஒரு புள்ளி எடுப்பது இதைவிடப் பயனுள்ளது. பலர் அதை நினைத்தே பார்ப்பதில்லை.

பத்து டிகிரி கூடினால் வேகம் இரட்டிப்பாகும் என்பது விதியா?

விதி இல்லை, தோராயமான கணக்கு. கிளர்வு ஆற்றல் (மோதும் மூலக்கூறுகள் வினைபுரியக் குறைந்தபட்சம் தேவைப்படும் ஆற்றல்) மோலுக்கு 50 கிலோஜூலை ஒட்டியிருக்கும் வினைகளுக்கு, அறை வெப்பநிலைக்குப் பக்கத்தில் அது சரியாக வரும். கிளர்வு ஆற்றல் அதிகமான வினைகளில் இரண்டு மடங்கைத் தாண்டும், குறைவானவற்றில் அவ்வளவு வராது.

இதில் யோசிக்கவேண்டிய இடம் ஒன்று உண்டு. 25 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்குப் போனால் மூலக்கூறுகளின் சராசரி இயக்க ஆற்றல் சுமார் 3 சதவீதம்தான் கூடுகிறது. மூலக்கூறுகள் ஓடும் வேகம் கூடுவது 2 சதவீதத்துக்கும் குறைவு. "மூலக்கூறுகள் வேகமாக ஓடுகின்றன, அடிக்கடி மோதுகின்றன" என்பது உண்மைதான். ஆனால் அந்த 2 சதவீதத்தை வைத்துக்கொண்டு 100 சதவீத உயர்வை விளக்க முடியாது. பெரும்பங்கு வேறிடத்திலிருந்து வருகிறது: கிளர்வு ஆற்றலுக்குச் சமமான அல்லது அதற்கு மேற்பட்ட ஆற்றலுடன் நடக்கும் மோதல்களின் பங்கு கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது. விடையில் இந்த வரி இல்லையென்றால் விளக்கம் பாதியில் நிற்கிறது. "வெப்பநிலை கிளர்வு ஆற்றலைக் குறைக்கிறது" என்று எழுதினாலோ முழுத் தவறு. தடையின் உயரம் அப்படியேதான் இருக்கிறது, தாண்டுகிறவர்கள்தான் கூடுகிறார்கள்.

மெக்னீசியம் சோதனையில் என்ன வில்லங்கம்?

அந்த வினை வெப்பத்தை நிறைய வெளியிடும். 0.08 கிராம் நாடா 50 மி.லி நீர்த்த அமிலத்தில் கரைந்து முடியும்போது கரைசலின் வெப்பநிலை ஏறத்தாழ 7 டிகிரி உயர்ந்திருக்கும். செறிவை மட்டும் மாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்க, உள்ளே வெப்பநிலையும் ஏறிக்கொண்டிருக்கிறது. அமிலத்தை அதிகமாக எடுத்து, நாடாவைச் சிறிதாக வெட்டினால் இது குறையும். வினையின் தொடக்கத்தில் கிடைக்கும் வேகத்தை மட்டும் ஒப்பிடுவது இன்னும் நல்லது.

இரண்டாவது, பழைய நாடாவின் மேல் ஆக்சைடு படலம் படிந்து மங்கலாக இருக்கும். உப்புத்தாளால் பளபளவென்று வரும்வரை தேய்த்துவிட்டுப் போடுங்கள். தேய்க்காத துண்டு சற்று நேரம் சும்மா கிடந்துவிட்டுப் பிறகுதான் குமிழிவிடும். அமிலத்தில் மிதக்கும் நாடாவின் ஒரு பக்கம் வெளியே நின்றாலும் கணக்கு தப்பும். தளர்வாகச் சுருட்டிப் போடலாம்.

வாயுவை சிரிஞ்சில் பிடிப்பதா, தராசில் எடை பார்ப்பதா?

வாயு எது என்பதைப் பொறுத்தது. 0.08 கிராம் மெக்னீசியம் தரும் ஹைட்ரஜனின் எடை சுமார் 0.007 கிராம். இரண்டு தசம இடம் காட்டும் தராசு இதைக் கண்டுகொள்ளாது. ஹைட்ரஜனுக்கு சிரிஞ்சுதான். கார்பன் டை ஆக்சைடு கனமான வாயு என்பதால் தராசு நன்றாக வேலை செய்யும். 10 கிராம் சலவைக்கல்லும் 50 மி.லி 1 மோலார் அமிலமும் எடுத்தால் மொத்தம் 1.1 கிராம் வரை எடை குறையும். குடுவையின் வாயில் தளர்வாகப் பஞ்சு வையுங்கள். நுரைக்கும்போது தெறிக்கும் துளிகள் வெளியே போனால் அதுவும் வாயுவின் கணக்கில் சேர்ந்துவிடும்.

தண்ணீரின் மேல் கவிழ்த்த உருளையில் பிடிப்பதும் உண்டு. கார்பன் டை ஆக்சைடு ஓரளவு நீரில் கரைவதால் அளவு குறைத்துக் காட்டும். ஆக்சிஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் தாராளமாகச் செய்யலாம்.

சிரிஞ்சு நிரம்பி உருளை வெளியே வந்துவிட்டது. எவ்வளவு எடுப்பது?

முன்கூட்டியே கணக்குப் போடுங்கள். அறை வெப்பநிலையில் ஒரு மோல் வாயுவின் கன அளவை ஏறத்தாழ 24 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். 100 மி.லி சிரிஞ்சு என்றால் மெக்னீசியம் 0.1 கிராமே ஏறக்குறைய நிரப்பிவிடும், 0.08 கிராம் பாதுகாப்பானது. கால்சியம் கார்பனேட் (சலவைக்கல்) என்றால் 0.4 கிராமுக்கு மேல் கூடாது. 20 வால்யூம் என்று குறித்த ஹைட்ரஜன் பெராக்சைடில் ஒவ்வொரு மி.லியும் 20 மி.லி ஆக்சிஜன் தரும். ஆகவே 4 மி.லி எடுத்துத் தண்ணீரில் நீர்த்துப் பயன்படுத்தினால் 80 மி.லியில் நிற்கும்.

சலவைக்கல்லுக்கு சல்பியூரிக் அமிலம் எடுக்கலாமா?

வேண்டாம். எளிதில் கரையாத கால்சியம் சல்பேட் கல்லின் மேல் படிந்து, கொஞ்ச நேரத்தில் வினை மந்தமாகிவிடும்.

தூளாக்கினால் ஏன் வேகம் கூடுகிறது? தூளுக்குப் பரப்பு குறைவு இல்லையா?

ஒரு தூள்துகளின் பரப்பு குறைவுதான், ஆனால் எத்தனை துகள் என்று பாருங்கள். பக்கம் 1 செ.மீ உள்ள கனசதுரத்தின் புறப்பரப்பு 6 சதுர செ.மீ. அதை 1 மி.மீ பக்கமுள்ள துண்டுகளாக வெட்டினால் ஆயிரம் துண்டுகள் வரும், மொத்தப் பரப்பு 60 சதுர செ.மீ. எடை மாறவேயில்லை, அமிலம் தொடக்கூடிய இடம் பத்து மடங்காகிவிட்டது. எனவே விடையில் "ஒரே எடைக்கு மொத்தப் புறப்பரப்பு கூடுகிறது" என்று எழுதுங்கள்.

செய்முறையில், பெரிய துண்டு, சிறிய துண்டு, தூள் மூன்றுக்கும் எடை ஒன்றாக இருக்கவேண்டும். தூளை ஒரேயடியாகக் கொட்டினால் நுரை பொங்கிக் குடுவைக்கு வெளியே வரும். அகலமான பெரிய குடுவையை எடுத்துக்கொள்ளுங்கள். சலவைக்கல் துண்டுகளை முன்கூட்டியே அமிலத்தில் ஒரு நிமிடம் போட்டுக் கழுவி உலர்த்தினால், மேலே ஒட்டியிருக்கும் தூள் போய்விடும். இல்லையென்றால் பெரிய துண்டும் முதல் அரை நிமிடம் தூளைப் போலவே நடந்துகொள்ளும்.

வினையூக்கி செலவாகவில்லை என்பதை எப்படிக் காட்டுவது?

மாங்கனீசு டை ஆக்சைடை எடைபோட்டுப் பெராக்சைடில் சேருங்கள். குமிழிகள் அடங்கியதும் எடைபோட்ட வடிதாளில் வடிகட்டி, கழுவி, நன்றாக உலர்த்தி, மறுபடி எடை பாருங்கள். ஈரம் மிச்சமிருந்தால் எடை கூடியிருக்கும், வடிகட்டும்போது சிந்தினால் குறைந்திருக்கும். பொறுமையாகச் செய்தால் ஒத்துவரும். வடிகட்டிய அதே பொடியைப் புதிய பெராக்சைடில் போட்டுப் பார்ப்பது இதைவிடக் கண்ணுக்கு நேரான சான்று, முன்போலவே பொங்கும். வரும் வாயுவில் தணல் குச்சியைக் காட்டினால் தீப்பற்றும், ஆக்சிஜன்தான்.

வினையூக்கி கிளர்வு ஆற்றல் குறைவான மாற்றுப் பாதையைத் தருகிறது. விளைபொருளின் மொத்த அளவைக் கூட்டாது. நொதியோடு ஒப்பிட விரும்பினால் பச்சை உருளைக்கிழங்குத் துண்டு ஒன்றையும் வேகவைத்த துண்டு ஒன்றையும் பெராக்சைடில் போடுங்கள். வெந்ததில் கேட்டலேஸ் என்ற நொதி சிதைந்திருக்கும், குமிழி வராது. அதாவது நொதியைப் பொறுத்தவரை வெப்பநிலை கூடினால் வேகம் கூடும் என்பது ஓர் எல்லை வரைதான்.

நேரத்துக்கு எதிராக வாயுவின் அளவை வரைந்த வரைபடத்தில் இரண்டு கோடுகள் ஒரே உயரத்தில் முடிகின்றன, சில நேரம் முடிவதில்லை. ஏன்?

முடிவு உயரத்தை நிர்ணயிப்பது முதலில் தீர்ந்துபோகும் வினைபடு பொருள். சலவைக்கல் மிகுதியாக இருந்து அமிலம் தீர்ந்துபோனால், கல்லைத் தூளாக்கினாலும் கோடு செங்குத்தாக ஏறி அதே உயரத்தில் படுத்துவிடும். ஆனால் அமிலத்தின் கன அளவை மாற்றாமல் செறிவைப் பாதியாக்கினால் வாயுவும் பாதிதான் வரும். சாய்வும் குறையும், உயரமும் குறையும். மெக்னீசியம் தீர்ந்துபோகும்படி அமிலத்தை மிகுதியாக வைத்திருந்தால், அமிலச் செறிவை மாற்றினாலும் உயரம் மாறாது. கேள்வியில் "மிகுதியான" என்ற சொல் எதன் முன்னால் இருக்கிறது என்று தேடிப் பாருங்கள், விடை அங்கேயே இருக்கும்.

வேகத்தைக் கணக்கிட, நேரம் பூச்சியம் உள்ள இடத்தில் வளைகோட்டுக்குத் தொடுகோடு வரைந்து அதன் சாய்வைக் காணுங்கள். தொடக்கத்தில்தான் செறிவுகள் நாம் ஊற்றியபடியே இருக்கும். முதல் இரண்டு மூன்று அளவீடுகள் 10 அல்லது 15 நொடி இடைவெளியில் நெருக்கமாக இருந்தால்தான் இந்தத் தொடுகோடு நம்பும்படியாக அமையும்.

ஒவ்வொன்றையும் எத்தனை முறை செய்யவேண்டும்?

மூன்று முறை செய்தால் நல்லது. இரண்டு எண்கள் ஒத்துப்போய் மூன்றாவது விலகி நின்றால், அதை அழிக்காமல் வட்டமிட்டு வையுங்கள். சராசரியில் சேர்க்காமல், ஏன் என்று ஒரு வரி எழுதுங்கள்.

இதையெல்லாம் முதலில் யார் அளந்தார்கள்?

1850-இல் வில்ஹெல்மி என்ற ஜெர்மானிய அறிஞர், அமிலத்தில் சர்க்கரை சிதைவதை, ஒரே தளத்தில் அதிரும்படி செய்த ஒளியின் தளம் எவ்வளவு திரும்புகிறது என்பதை வைத்துப் பின்தொடர்ந்தார். வேகம் அப்போது மிச்சமிருக்கும் சர்க்கரையின் அளவுக்கு நேர்விகிதத்தில் இருப்பதைக் கண்டார். வெப்பநிலைக்கும் வேகத்துக்கும் உள்ள உறவை 1889-இல் அர்ரீனியஸ் கிளர்வு ஆற்றலைக் கொண்டு விளக்கினார்.

பாதுகாப்புக்கு என்ன பார்க்கவேண்டும்?

கண்ணாடி அணியாமல் எதையும் தொடவேண்டாம். ஹைட்ரஜன் வரும் சோதனையின் பக்கத்தில் தீ கூடாது. அமிலத்தை நீர்க்கும்போது தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்றவேண்டும். பெராக்சைடு தோலில் பட்டால் உடனே கழுவுங்கள்.

தயோசல்பேட் சோதனைக்கு மட்டும் கூடுதல் கவனம் தேவை. கந்தக டை ஆக்சைடு தொண்டையை எரிக்கும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுத்திணறலைத் தூண்டிவிடும். மேலிருந்து குனிந்து பார்க்கும் சோதனை என்பதால் முகத்தைக் குடுவை வாய்க்கு நேராகக் கொண்டுபோகாமல் சற்று உயரத்திலிருந்து பாருங்கள். சன்னல்கள் திறந்திருக்கட்டும். குறி மறைந்த குடுவைகளை மேசையில் வரிசையாக அடுக்கிவைக்கும் வழக்கம்தான் ஆபத்து. வினை நிற்கவில்லை, வாயு வந்துகொண்டே இருக்கிறது. அளவீடு முடிந்ததும் ஒவ்வொன்றையும் சோடியம் கார்பனேட் கரைசல் உள்ள வாளியில் கொட்டிவிடுங்கள். அமிலம் நடுநிலையாகி வினை அங்கேயே நின்றுவிடும். குடுவையை உடனே தேய்த்துக் கழுவுங்கள், தாமதித்தால் கந்தகம் கண்ணாடியில் படலமாக ஒட்டிக்கொள்ளும். அந்தப் படலத்தோடு அடுத்த முறை அளந்தால் குறி சீக்கிரமாகவே மறைந்ததாகத் தெரியும்.